பிள்ளைக்கு வீட்டில் எழுதப் பழக்குவது: சாமான் துண்டிலிருந்து கட்டுரை வரை

கேள்வி சுருக்கமாக இதுதான். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கும் ஒரு தாய் கேட்கிறார். மூத்த மகன் மூன்றாம் ஆண்டு. ‘எனது பூனை’ என்று எழுதச் சொன்னால் நாலு வரியோடு பென்சிலை வைத்துவிடுகிறான். அந்த நாலும் வகுப்பில் எல்லாரும் எழுதுகிற அதே நாலு வரி. இளைய மகளுக்கு ஐந்து வயது. ஏடு தொடக்கி இரண்டு வருசமாகிறது, ஆனால் கொப்பியைக் கண்டாலே அழுகை. எழுதினால் தாள் கிழிகிறது. ரியூசனுக்கு விடாமல் வீட்டிலேயே என்ன செய்யலாம்?

இரண்டு பிள்ளைக்கும் கோளாறு ஒரே இடத்தில்தான். ‘எழுதுறது’ என்று நாங்கள் ஒரு சொல்லில் சொல்லிவிடுவதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. கை எழுத்தை வரைய வேண்டும். எந்த எழுத்து வரும், ளவா ழவா என்று தெரிய வேண்டும். சொல்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு முதல் இரண்டும் யோசிக்காமலே ஓடும். பிள்ளைக்கு மூன்றும் ஒன்றாகத் தலையில் ஏறும்போது, ஏதாவது ஒன்றை இறக்கி வைக்கத்தான் செய்யும். உங்கள் மகன் இறக்கி வைத்தது மூன்றாவதை: சொல்ல வந்ததை விட்டுவிட்டு, பிழை வராத நாலு வரியை எழுதித் தப்பிக்கிறான். ஆகவே வீட்டில் இந்த மூன்றையும் பிரித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பழக்குங்கள். முப்பது பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியருக்கு இது சிரமம். அடுப்படியில் இருந்துகொண்டே உங்களுக்கு இது முடியும்.

முதலில் சின்னவள். தாள் கிழிவது கவலையீனத்தால் வருவதில்லை. விரலில் பலம் போதாத பிள்ளை தோளாலும் முழங்கையாலும் அமத்தித்தான் பென்சிலை ஓட்டும். இதற்கு இன்னும் இரண்டு பக்கம் எழுதவைப்பது மருந்தாகாது, விரலுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். முருங்கையிலை உருவட்டும், கச்சான் கோது உடைக்கட்டும், பயறில் கல் பொறுக்கட்டும், இடியப்ப மாவை உருண்டை பிடிக்கட்டும், பூ கோக்கட்டும். உடுப்புக் காயப்போடும் கிளிப்பை அமத்திக் கொடியில் மாட்டுவது இவை எல்லாவற்றிலும் நல்லது, ஏனென்றால் பென்சில் பிடிக்கும் அதே விரல்கள்தான் அதில் வேலை செய்கின்றன. நாளுக்குப் பத்து நிமிடம் காணும்.

எழுத்துக்கு மணல் தட்டம் செய்யுங்கள். விளிம்புள்ள ஒரு தட்டம் அல்லது பெரிய பிஸ்கற் ரின்னின் மூடி. சுளகு சரிவராது, பின்னல் விரலில் தட்டுப்படும், இடுக்கால் மணல் வடியும். கோண்டாவில் பக்கத்துச் செம்மண்ணும் வேண்டாம், விரலில் ஒட்டும், கொஞ்சம் ஈரம் பட்டால் கட்டிபடும். கடற்கரைக் குறுமணலைக் கழுவிக் காயவைத்து, அரிதட்டில் அரித்து எடுங்கள். அடியில் கறுப்புத் தாள் ஒன்றை விரித்து, மேலே அரைச் சென்ரிமீற்றர் தடிப்புக்கு மணல். விரல் போன இடம் கறுப்பாய்த் தெரியும். மணல் கூடினால் கோடு இடிந்து மூடும், கறுப்பும் தெரியாது. எல்லாரும் விடுகிற பிழை இந்த அளவில்தான்.

எந்த எழுத்தில் தொடங்குவது? ஏடு தொடக்கும்போது அரிசியில் ‘அ’ எழுதுவது சடங்கு, அதை யாரும் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் கைக்கு ‘அ’ கடினமான எழுத்து: சுழித்து, வளைத்து, குறுக்கே ஓடி, பிறகு நேராக இறங்க வேண்டும். ‘ட’வில் தொடங்குங்கள், ஒரு இறக்கம், ஒரு படுக்கை, அவ்வளவுதான். அதோடு ஒரு ஏற்றம் சேர்த்தால் ‘ப’. ‘ப’ கைக்கு வந்தால் ‘ம’வும் ‘ய’வும் அதன் பிள்ளைகள். ‘பட்டம்’, ‘படம்’ என்று இரண்டாம் கிழமையே முழுச்சொல் எழுதலாம், அந்தச் சந்தோசம் பெரிய வேலை செய்யும். பிறகு சுழியில் தொடங்கும் கூட்டம்: வ, ல, ன, ண. ‘அ’, ‘இ’, ‘ஐ’ எல்லாம் கடைசியில் வரட்டும்.

எழுதி முடிந்ததைப் பார்த்துச் சரி சொல்லாதீர்கள், எழுதும்போது பாருங்கள். சில பிள்ளைகள் ‘ப’வை வலப்பக்கத்தால் தொடங்கி இடப்பக்கத்தில் முடிப்பார்கள். பார்வைக்குச் சரியான ‘ப’தான். வேகம் கூடும்போதுதான் குழப்பம் தெரியும்: அடுத்த எழுத்துக்குப் போகக் கை திரும்பிவர வேண்டியிருக்கும். இரண்டு வருசம் பழகின பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

மத்தியானத்தில் இன்னொன்று செய்யலாம். ஒரு பேணி தண்ணீரும் பழைய பெயின்ற் பிரசும் கொடுத்து, மதிலிலோ சீமெந்து முற்றத்திலோ எழுத விடுங்கள். வெய்யிலுக்கு எழுத்து காய்ந்து மறைவதற்குள் அடுத்த எழுத்தை எழுதி முடிக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. மதில் இன்னும் நல்லது, நிமிர்ந்த பரப்பில் எழுதும்போது மணிக்கட்டு பின்னுக்கு வளையும். பென்சில் பிடிக்க வேண்டியதும் அதே வளைவுதான். பிழைத்தால் அழிறப்பர் தேடத் தேவையில்லை, வெய்யிலே அழித்துவிடும்.

பென்சிலுக்கு வரும்போது புதுப் பென்சிலை மூன்றாக முறித்துச் சீவிக் கொடுங்கள். ஆறேழு சென்ரிமீற்றர் நீளத்தில் முழுக்கையாலும் பொத்திப் பிடிக்க இடமிருக்காது, தானாகவே மூன்று விரலுக்கு வரும். கூரிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் மேலே பிடிக்கட்டும். அமத்தி எழுதுவதற்கு ஒரு கார்பன் தாள் விளையாட்டு உண்டு: இரண்டு தாளுக்கு நடுவில் கார்பனை வைத்து, ‘கீழ்த்தாளில தெரியாமல் எழுது பாப்பம்’ என்று சொல்லுங்கள். ‘மெதுவா எழுது’ என்று நூறு தரம் சொன்னாலும் விளங்காத ஒன்று, கீழ்த்தாளைத் தூக்கிப் பார்த்ததும் விளங்கும். காலும் நிலத்தில் முட்ட வேண்டும். முட்டாவிட்டால் காலுக்குக் கீழே ஒரு பலகை.

இடக்கைப் பிள்ளையாக இருந்தால் ‘சோத்துக்கையால எழுது’ என்று மாற்றாதீர்கள். ஏடு தொடக்கும்போது ஒருநாள் வலக்கை விரலைப் பிடித்து எழுதியது போதும். தாளை வலப்பக்கம் சற்றுச் சரித்து வைத்து, வெளிச்சம் வலப்பக்கத்தால் வருமாறு இருத்தினால் எழுதியதைக் கையால் மறைக்காமல் எழுதும்.

இனி மூத்தவன். இவனுக்குக் கை பழகிவிட்டது, குறை, வாசகர் இல்லாததுதான். ‘எனது பூனை’யை யார் வாசிக்கப் போகிறார்கள்? ஆசிரியர் சிவப்புப் பேனையோடு வாசிப்பார். பிழை தேடுபவருக்கு எழுதும்போது பிழை வராத வரியைத்தான் எவரும் எழுதுவார்கள். ஆகவே எழுத்தால் உண்மையில் ஏதாவது நடக்கிற வேலைகளைக் கொடுங்கள்.

முதலாவது சாமான் துண்டு. கடைக்குப் போகும் துண்டை இனி அவன் எழுதட்டும், நீங்கள் சொல்லச் சொல்ல. அளவும் அவனே போட வேண்டும்: பருப்பு 500 கிராம், சீனி 1 கிலோ, உள்ளி 100 கிராம். துண்டைக் கடைக்காரரிடம் அவனே நீட்டட்டும். விளங்காமல் எழுதினால் கடைக்காரர் ‘தம்பி, இதென்ன?’ என்று கேட்பார். அந்தக் கேள்வி நீங்கள் ‘வடிவா எழுது’ என்று கத்துவதை விட நல்ல பாடம். அளவு எழுத மறந்தால் வெறுங்கையோடு திரும்பி வருவான். வரட்டும்.

இரண்டாவது அடுப்படிப் போத்தல்களுக்குப் பெயர் ஒட்டுவது. இது சும்மா அலங்காரமில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சில் பலருக்கு ‘ழ’வும் ‘ள’வும் ஒன்றாகத்தான் ஒலிக்கும், ‘பளம்’ என்று சொல்லிவிட்டுப் ‘பழம்’ என்று எழுத வேண்டிய நிலை. காதால் பிடிக்க முடியாததைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். நாளுக்கு ஐந்து தரம் கண்ணில் படும் சொல் மனதில் படமாக நிற்கும். பழப்புளி, மிளகாய்த்தூள், மிளகு, உள்ளி, மல்லி, வெந்தயம், மஞ்சள், நல்லெண்ணெய். எட்டுப் போத்தல் போதும். ‘பழப்புளி’ ஒரு சொல்லிலேயே ழவும் ளவும் இருக்கிறது. ‘நல்லெண்ணெய்’யில் ந, ல்லெ, ண்ணெ மூன்றும். நீங்கள் ஒரு தாளில் சரியாக எழுதிக் காட்டி, அதை மூடி, அவனை நினைவிலிருந்து லேபிளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு திறந்து ஒப்பிடட்டும். பார்த்துப் பார்த்து எழுதினால் எழுத்து எழுத்தாகக் கண் தாவும், சொல் மனதில் தங்காது.

ந, ண, ன குழப்பத்துக்கு எல்லாவற்றையும் மனனம் செய்யத் தேவையில்லை. பழைய வாத்தியார்மார் இவற்றுக்கு வைத்த பெயரிலேயே விதி இருக்கிறது: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். அதாவது ‘ட’வுக்கு முன் வருவது ‘ண்’ (வண்டி), ‘த’வுக்கு முன் ‘ந்’ (பந்து), ‘ற’வுக்கு முன் ‘ன்’ (கன்று). சொல்லின் முதலில் நிற்பது ‘ந’ மட்டும்தான். இன்னொரு கையிருப்பு: ‘ர’வும் ‘ழ’வும் இரட்டிக்காது. ஆகவே இரட்டித்து வந்தால் ற்றவாகத்தான் இருக்கும் (காற்று), ல்லவோ ள்ளவோதான் இருக்கும் (கல்லு, பள்ளி). தமிழ்ச் சொல்லின் முடிவில் ‘ற்’ வராது, ‘ர்’தான். இந்த நாலைந்து விதியும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு வரும் பிழைகளில் ஒரு பங்கை அடைத்துவிடும். கிழமைக்கு ஒரு விதி, அதற்கு மேல் வேண்டாம்.

பிறமொழிச் சொல்லில் மாத்திரம் கண்டிப்பு வேண்டாம். எங்கள் ஊர் வழக்கில் ‘ரீவி’, ‘பக்கற்’, ‘பிஸ்கற்’. அவன் யூரியூப்பில் பார்ப்பது ‘டிவி’, ‘பாக்கெட்’. எதையும் எழுதட்டும், ஒரே தாளில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

மூன்றாவதாகச் செய்முறை எழுதுவது. அடுப்புத் தேவையில்லாத ஒன்றை எடுங்கள், தேசிக்காய்த் தண்ணி நல்லது. எப்படிச் செய்வதென்று எழுதச் சொல்லுங்கள். அநேகமாக இப்படித்தான் வரும்: ‘தேசிக்காயைப் பிழியவும். சீனி போடவும். குடிக்கவும்.’ இப்போது அவன் எழுதியதை எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்யுங்கள். வெட்டாத தேசிக்காயைக் கையில் வைத்து அமத்துங்கள். ‘வெட்டோணும் அம்மா!’ என்பான். ‘எங்க எழுதியிருக்கு?’ வெட்டி வெறும் மேசையில் பிழியப் போங்கள். ‘கிளாசுக்க!’ என்று கத்துவான். ‘எழுதேல்லையே.’ அவன் சிரித்துக்கொண்டே தாளைப் பறித்துத் திருத்துவான். கடைசியில் வருவது: ஒரு தேசிக்காயை இரண்டாக வெட்டவும். கிளாசில் முக்கால் பங்கு தண்ணீர் எடுத்து மூன்று தேக்கரண்டி சீனியைப் போட்டுக் கரையும்வரை கலக்கவும். பிறகு விதை விழாமல் தேசிக்காயைப் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்புப் போடவும். வாசகருக்கு என்ன தெரியாது என்று யோசிப்பதை இதைவிடச் சுலபமாகப் பழக்க முடியாது. அடுத்தடுத்த கிழமைகளில் சைக்கிள் ரயருக்குக் காற்றடிப்பது, கோழியைக் கூட்டில் அடைப்பது, அம்மம்மா வீட்டுக்கு வழி என்று மாற்றிப் போடலாம்.

கட்டுரைக்கு இப்படி வாருங்கள். தலைப்பைக் கொடுத்ததும் எழுதவிடாதீர்கள், கதைக்க விடுங்கள். பட்டம் என்று வைப்போம். எழுதச் சொன்னால் வருவது: ‘பட்டம் அழகானது. பட்டம் வானில் பறக்கும். எனக்குப் பட்டம் மிகவும் பிடிக்கும்.’ உலகத்தில் எந்தப் பட்டத்துக்கும் பொருந்தும் மூன்று வரி, அவன் வீட்டுப் பட்டம் இதில் இல்லை. இதைத் திருத்தாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: ஆர் கட்டினது? எதால ஒட்டினீங்கள்? கடைசியா என்ன நடந்தது? பதில் இப்படி வரும்:

‘மாமா மூங்கில் சீவித் தந்தவர். பசை காணேல்லை, சோத்தால ஒட்டினனாங்கள். விண் கூவேல்லை. பிறகு கரண்ட் வயரில மாட்டுப்பட்டிட்டுது.’

(விண் என்பது காற்றில் கூவுவதற்குப் பட்டத்தில் கட்டும் நார்.) இதை அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், ஒரு சொல்லும் மாற்றாமல். ‘காணேல்லை’ என்றால் ‘காணேல்லை’ தான். எழுதிவிட்டு விரலை ஓட்டி வாசித்துக் காட்டுங்கள். தான் சொன்னது தாளில் இருக்கிறது என்பதைப் பிள்ளை காணும் இடம் இது. பெரியவர்கள் அநேகமாக இங்கேதான் கெடுக்கிறார்கள்: எழுதும்போதே ‘வடிவான’ தமிழாக்கிவிடுவார்கள். பிள்ளைக்கு அது தன் வரியாகத் தெரியாது.

மறுநாள் இரண்டாவது வேலை. பேச்சுத் தமிழைப் புத்தகத் தமிழாக மாற்றுவது, இதைத் தனி விளையாட்டாகவே வையுங்கள். இடப்பக்கம் அவன் சொன்னது, வலப்பக்கம் புத்தகத்தில் வருவதுபோல: ‘மாமா மூங்கிலைச் சீவித் தந்தார். பசை போதாததால் சோற்றால் ஒட்டினோம். விண் கூவவில்லை. பின்பு பட்டம் மின்கம்பியில் சிக்கிவிட்டது.’ எங்கள் பிள்ளைகளுக்கு இது பாதி மொழிபெயர்ப்பு வேலை. ‘போயிட்டினம்’ என்று வாயில் இருப்பதைப் ‘போய்விட்டார்கள்’ என்று கை எழுத வேண்டும். யோசிப்பதையும் மாற்றுவதையும் ஒரே மூச்சில் கேட்டால்தான் பிள்ளை மௌனமாகிறது. பேச்சில் எழுதியது பிழை என்று சொல்லாதீர்கள், ‘இது வீட்டுத் தமிழ், அது கொப்பித் தமிழ்’ என்று சொன்னால் போதும்.

தொடக்கத்தில் ஐந்து வரியும் நீங்கள் எழுத, அவன் ஒன்றை மட்டும் பார்த்து எழுதட்டும். இரண்டு கிழமை கழித்துக் கடைசி வரியை அவனே எழுதட்டும். பிறகு கடைசி இரண்டு. இரண்டு மூன்று மாதத்தில் நீங்கள் முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு அமர்வு பதினைந்து இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

முற்றுப்புள்ளி எங்கே என்று கேட்டால், எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், மூச்சு முழுதாக நிற்கும் இடத்தில் போடட்டும். தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் பரப்பிய முன்னோடிகளில் ஒருவர் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் (1822–1879). நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிற பிள்ளைக்கு இதைச் சொல்லிவைத்தால் அந்தப் புள்ளிக்கு ஒரு ஊர் கிடைக்கும்.

வெளிநாட்டில் சித்தப்பாவோ மாமியோ இருந்தால் அவர்களையும் வேலைக்கு எடுங்கள். அவன் கையால் எழுதிய ஐந்து வரியைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். முன்கூட்டியே அவர்களிடம் ஒன்று சொல்லிவைக்க வேண்டும்: கட்டைவிரல் படம் போட்டு முடிக்காமல், ஒரு கேள்வி கேட்டு எழுத வேண்டும். ‘பட்டத்தைப் பிறகு ஆர் இறக்கினது?’ என்று கேள்வி வந்தால் அடுத்த ஐந்து வரி தயார். ‘வெரி குட்’ என்று வந்தால் அந்தக் கடிதப் போக்குவரத்து அன்றோடு சரி.

பழைய உதயன், வலம்புரிப் பத்திரிகை ஏதாவது வீட்டில் கிடந்தால், படத்தை மட்டும் வெட்டி ஒட்டி, கீழே ஒரு வரி அவனையே எழுதச் சொல்லலாம். மழைநாளுக்கு நல்ல பொழுதுபோக்கு.

திருத்துவது பற்றி. ஒரு தாளில் ஒரு வகைப் பிழையை மட்டும் தொடுங்கள். இந்தக் கிழமை ‘ழ’ என்றால் ‘ழ’ மட்டும். மற்றதெல்லாம் கண்ணில் பட்டாலும் கடந்துபோங்கள். பத்து வட்டம் போட்ட தாளில் பிள்ளை எதையும் படிக்காது, அடுத்த முறை குறைவாக எழுதும், அவ்வளவுதான் படிக்கும். சிவப்புப் பேனை வேண்டாம், பென்சிலால் வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, ‘இந்த வரியில ஒண்டு இருக்கு, கண்டுபிடி’ என்று விடுங்கள். அதற்கு முன் எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள், ‘நல்லா இருக்கு’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘சோத்தால ஒட்டினதை எழுதினது நல்லா இருக்கு’ என்று இடம் காட்டி. எது வேலை செய்தது என்று தெரிந்தால்தான் திரும்பவும் செய்வான்.

இன்னும் ஒன்றரை வருசத்தில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைப் பேச்சுத் தொடங்கும். கட்டுரைகளைப் பாடமாக்கச் சொல்லி யாராவது ஒரு கட்டுத் தாள் தருவார்கள். அதைப் பற்றி என் கருத்துக் கடுமையானதுதான்: பாடமாக்கிய பிள்ளைக்குத் தலைப்பு கொஞ்சம் புரண்டாலே கை நின்றுவிடும். ‘எனது பாடசாலை’ தெரிந்தவனிடம் ‘பாடசாலையில் மழை பெய்த ஒரு நாள்’ என்று கேட்டுப் பாருங்கள். தாளைத் தூக்கி எறியத் தேவையில்லை. அதில் உள்ள ஒரு கட்டுரையை எடுத்து, எந்த வரி எல்லா வீட்டுக்கும் பொருந்தும், எது ஒரு வீட்டுக்கு மட்டும் பொருந்தும் என்று அவனையே அடிக்கோடு போடச் சொல்லுங்கள். பொது வரியை வெட்டிவிட்டு, தன் வீட்டு வரியை அந்த இடத்தில் போடட்டும்.

எழுதிய தாள்களை எறியாதீர்கள், ஒவ்வொன்றிலும் திகதி போட்டு ஒரு பைலில் போடுங்கள். மட்டைப் பெட்டியில் வைத்து நிலத்தில் வைத்தால் மாரிக்குள் கறையான் முடித்துவிடும். மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றில், சுவரோடு ஒட்டாமல், மேசைக்கு மேலே வையுங்கள். மணல் தட்டத்து மணலையும் மாரிக்கு முன் ஒருதரம் வெய்யிலில் போட்டு எடுங்கள், ஈரம் ஏறினால் கட்டிபட்டுவிடும்.